தலைக்கும் தாளிப்புக்கும்

கல்யாணமாகி சிங்காநல்லூருக்கு வந்த மறுநாள் காலையில் என் மாமியார் என்னைச் சமையலறைப் பலகையில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். பித்தளைத் தூக்குப் பாத்திரத்திலிருந்து உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, உச்சியில் வைத்துத் தேய்த்து, நுனி வரைக்கும் வழித்துவிட்டார். "முடி நல்ல அடர்த்தி அம்மணி, ஆரு கண்ணும் பட்டுறாம இருக்கோணும்" என்றார். புகுந்த வீட்டில் இப்படி ஒரு வரவேற்பா என்று எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பிறகு அவர் எழுந்து கையைக் கழுவினார். அதே தூக்கைச் சாய்த்து, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த வடைச்சட்டியில் அதே எண்ணெயை ஊற்றிக் கடுகைப் போட்டார்.

நான் பலகையை விட்டு எழுந்திருக்கவே மறந்துவிட்டேன்.

என் ஊர் பெருந்துறைக்குப் பக்கம். கடலைக்காய் விளையும் மண். எங்கள் வீட்டில் பொரிக்க, தாளிக்க எல்லாம் கடலை எண்ணெய். இட்டிலிப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் நல்லெண்ணெய். தேங்காய் எண்ணெய் இருக்கும் இடமே வேறு. கண்ணாடிக்குக் கீழே, சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில், நீல நிற பாட்டிலில் அது இருக்கும். பல்பொடியைச் சாம்பாரில் போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

மாமியார் பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்தவர். அவருடைய அண்ணன் தோப்புத் தேங்காயை ஆட்டி, தகர டின்னில் எண்ணெய் அனுப்பிவைப்பார். அந்த வீட்டில் எண்ணெய் என்றால் அது ஒன்றுதான். 'எந்த எண்ணெய்' என்ற கேள்வியே அங்கே கிடையாது. கோயமுத்தூர்க்காரர்களிடம் போய் சிறுவாணித் தண்ணீரில் ஏதோ வாடை வருகிறது என்று சொன்னால் நம்மை எப்படிப் பார்ப்பார்கள்? தேங்காய் எண்ணெயைக் குறை சொன்னாலும் அதே பார்வைதான் கிடைக்கும் என்று எனக்கு வந்த அன்றே தெரிந்துபோயிற்று.

அன்றைக்கு மதியம் அரிசிம்பருப்புச் சோறு. அது எங்கள் வீட்டிலும் வாரம் தவறாமல் செய்வதுதான். அரிசி, துவரம்பருப்பு, பூண்டு, சின்ன வெங்காயம் என்று எல்லாம் பழகிய சாமான்கள். ஆசையோடு ஒரு வாய் வைத்தேன். என் தலைமுடியை நானே வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"எப்புடி கண்ணு இருக்குது?" என்று மாமியார் கேட்டார்.

"நெம்ப நல்லா இருக்குதுங்க அத்தை" என்றேன்.

வேறு என்ன சொல்வது? எங்கள் பக்கத்தில் சாப்பாடு பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அது சாப்பாட்டோடு நிற்காது, சமைத்தவரைப் போய்ச் சேரும். விருந்துக்குப் போன வீட்டில் உப்பே போடாமல் குழம்பு ஊற்றினாலும், நல்லா இருக்குதுங்க என்று சொல்லி மறுசோறு வாங்கித்தான் எழுந்திருப்போம். மரியாதையிலேயே வளர்ந்த வாய் இது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். வாய் மட்டும் அந்தக் கோபத்துக்குக் கட்டுப்படாது.

மாமியார் முகம் மலர்ந்தது. "அம்மணிக்கு நம்மூட்டு ருசி புடிச்சுப்போச்சாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டே தூக்கை எடுத்து, சோற்றின் மேல் பச்சை எண்ணெயைச் சுற்றி ஊற்றினார். அவர்கள் பக்கத்தில் வேண்டியவர்களுக்குச் செய்கிற உபசாரம் அது. நாம் நெய் ஊற்றுவதைப் போல அவர்கள் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றுவார்கள். நான் "போதுங்க, போதுங்க" என்று கையை மறித்தேன். புதுப்பெண் கூச்சப்படுகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

அன்றிலிருந்து இதே கதை. அவர் கேட்பார், நான் நல்லா இருக்குது என்பேன், அவர் ஊற்றுவார். நான் எவ்வளவு மரியாதையாகச் சொன்னேனோ அவ்வளவு எண்ணெய் என் தட்டில் விழுந்தது. தயிர்ச்சோறும் ஊறுகாயும் இல்லையென்றால் அந்த வீட்டில் நான் பட்டினிதான். ஊறுகாய் மட்டும் கடையில் வாங்கியது, நல்லெண்ணெயில் போட்டது. அதைப் போட்ட புண்ணியவதியைத் தினமும் மனசுக்குள் கும்பிட்டேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டில்தான் அந்த எண்ணெய் எனக்கு எதிரி. மற்ற இடங்களில் அது செய்த வேலைகளைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன்.

என் வீட்டுக்காரர் பம்புசெட் பட்டறையில் பெயிண்டு அடிக்கும் பிரிவில் இருந்தார். பொழுதோடு வீட்டுக்கு வரும்போது முழங்கை வரைக்கும் பச்சை எனாமல். நான் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மண்ணெண்ணெயில் துணியை நனைத்தும் தேய்த்தேன். அவருக்குத் தோல் சிவந்து எரிந்ததுதான் மிச்சம். மாமியார் வந்தார். "இப்புடித் தேச்சா சதையே வந்துரும் கண்ணு" என்று சொல்லி, மகனின் இரண்டு கைகளிலும் தேங்காய் எண்ணெயை ஊற்றி நீவிவிட்டு, சும்மா உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துப் பழைய வேட்டித் துணியால் ஒரே இழுப்பு. பச்சை திரிதிரியாகத் துணியோடு வந்துவிட்டது. உள்ளே என் கல்யாணத்து மாப்பிள்ளையின் கை! நான் அந்தக் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மாமியார் இருக்கிறார் என்ற வெட்கம்கூட எனக்கு வரவில்லை.

அப்புறம் எங்கே பார்த்தாலும் அந்தத் தூக்குத்தான் என் கண்ணில் பட்டது. கதவுத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டால் ஒரு சொட்டு. பலாப்பழம் அறுக்கும் முன்பு கத்திக்கும் கைக்கும் தடவினால் பால் பிசுபிசுவென்று ஒட்டாது. மாமனார் மில்லில் நின்று நின்று வெடித்த குதிகாலுக்கு அதுதான். வாழைப்பூ உரிக்கும் விரல் கறுக்காமல் இருக்கவும் அதுதான். இறுகிப்போன கண்ணாடி வளையல் என் மணிக்கட்டைக் கடித்தபோது, ஒரு சொட்டு விட்டுத் திருகி, உடையாமல் கழற்றினார் மாமியார். சாமி விளக்கும் அந்த எண்ணெயில்தான் எரிந்தது. பொரிக்கும் எண்ணெய் வேறு, விளக்குக்கு ஊற்றுவது வேறு, மருந்து வேறு என்று அறை அறையாகப் பிரித்துப் பழகியவள் நான். ஒரே ஒரு பொருள் இத்தனை வேலைக்கும் சளைக்காமல் வந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

மார்கழியில் இன்னொரு அதிசயம். காலையில் டின்னைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. எங்கள் வீட்டு பாட்டிலிலும் உறைந்து பார்த்திருக்கிறேன். அதை வெயிலில் வைத்துவிட்டுப் போய்விடுவோம். ஒரு டின் நிறைய உறைந்ததை அப்போதுதான் பார்த்தேன். மாமியார் கரண்டிக் காம்பால் ஒரு கட்டியைப் பெயர்த்துச் சூடான சட்டியில் போட்டார். கட்டி வழுக்கிக்கொண்டே போய் விளிம்பில் முட்டியது, ஓரம் கண்ணாடியானது, அப்படியே மாயமாய்ப் போயிற்று. அடியில் தண்ணீர் மாதிரித் தெளிவாக எண்ணெய். "மறுக்கா போடுங்க அத்தை" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கட்டியைப் போட்டார். அன்றைக்குப் பொரியலில் எண்ணெய் மிதந்தது. அதையும் நல்லா இருக்குது என்று சொல்லித்தான் சாப்பிட்டேன்.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். நான் உண்டானேன்.

அதற்கப்புறம் அந்த வாசம் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டாலே கொல்லைப்பக்கம் ஓடுவேன். மாமியார் பின்னாலேயே ஓடிவந்து நெற்றியைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கையிலும் அதே வாசம். ஆத்திரமாக வரும். பிடித்துக்கொள்ளும் கையை எப்படித் தட்டிவிடுவது?

"எது கண்ணு ஒத்துக்கலே? சொல்லு" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க அத்தை. சாப்பாடு நெம்ப நல்லா இருக்குதுங்க. எனக்குத்தான் ஒடம்பு இப்புடி."

அவர் விடவில்லை. எது ஒத்துக்கவில்லை என்று தானே கண்டுபிடிக்கக் கிளம்பினார். முதலில் பெருங்காயத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. அதை நிறுத்தினார். நான் வாந்தியெடுத்தேன். பிறகு பூண்டை நிறுத்தினார். அதற்கப்புறம் முருங்கைக்காய் போயிற்று, கருவாடு போயிற்று, கொள்ளும் போயிற்று. மல்லித்தழை என்ன பாவம் செய்ததோ, அதுவும் போயிற்று. கடைசியில் கடுகையே நிறுத்திவிட்டார். வெறும் தேங்காய் எண்ணெயைக் காயவைத்துக் குழம்பில் ஊற்றினார். உலகத்தில் உள்ள சாமான்களையெல்லாம் எனக்காக ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினார். எண்ணெய் மட்டும் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. தண்ணீரைச் சந்தேகப்படுவோமா? அவரும் எண்ணெயைச் சந்தேகப்படவில்லை.

பூண்டு இல்லாத ரசத்தைக் குடித்துக் குடித்து மாமனாருக்கு நாக்கே செத்துவிட்டது. ஒருநாள் தட்டைப் பார்த்தபடி, "ஆசுபத்திரிக் கஞ்சியே தேவலையாட்ட இருக்குது" என்று முனகினார். "வவுத்துப் புள்ளைக்காவத் தின்னுங்க" என்று மாமியார் ஒரே அதட்டு. அவர் தின்றார். என் வீட்டுக்காரரும் தின்றார். ஒரு குடும்பமே என் பொய்யைச் சோற்றில் பிசைந்து தின்றுகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு செய்த பிறகு எண்ணெய்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? சொல்லியிருக்க வேண்டிய நாள் கல்யாணத்துக்கு மறுநாள். அது போய்விட்டது.

மாதம் ஏற ஏற என் உடம்பு இறங்கியது. லேடி டாக்டர் எடை பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "குழந்தை வளரவே இல்லை. இப்படிச் சாப்பிட்டால் எப்படிப் பெற்றுப் பிழைப்பது?" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்குப் பயம் அப்போதுதான் வந்தது. நான் பட்டினி கிடப்பது வேறு. உள்ளே இருப்பது என்ன பாவம் செய்தது?

ஒன்பதாம் மாதம் கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்தார்கள். முதல் பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப்போகும் முன்பு பிறந்த வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து விருந்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவும் ஒரம்பரைச் சொந்தபந்தமும் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, எள்ளுச்சோறு, தக்காளிச்சோறு என்று அண்டா அண்டாவாக இறக்கினார்கள். மூடியைத் திறந்தவுடன் கடலை எண்ணெய் வாசம் கூடம் முழுவதும் பரவியது.

வளையல் போட்டு, நலங்கு வைத்து, எனக்கு முன்னால் இலையைப் போட்டார்கள். சாங்கியத்துக்கு ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுவார்கள், பெண் வெட்கத்தோடு வாங்கிக்கொள்வாள். நான் வெட்கப்படவில்லை. ஊட்டிய கையைத் தள்ளிவிட்டு நானே பிசைந்து தின்றேன். புளிச்சோறு தீர்ந்து எலுமிச்சைச்சோறு போட்டார்கள். அதுவும் தீர்ந்தது. "மாமியா ஊட்டுல சோறே போடலீங்களா?" என்று யாரோ ஒரு பெண் கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். தலையை நிமிர்த்தினேன்.

மாமியார் சிரிக்கவில்லை. என் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். மெல்ல அண்டாப் பக்கம் போய், எலுமிச்சைச்சோற்றில் ஒரு பிடி எடுத்து மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் தேவலை என்று எனக்கிருந்தது. கோபமே இல்லை. வேனில் ஏறும்போது என் கன்னத்தை வழித்து, "நல்லாத் தின்னுபோட்டு வா கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அம்மா வீட்டில் நான் தின்ற தீனிக்கு ஒரு கடலைக்காடே காணாது. பெண் பிறந்தாள். எடை குறைவுதான், ஆனால் குறையொன்றும் இல்லை. என் உயிர் அப்போதுதான் என்னிடம் திரும்பிவந்தது. குழந்தையின் தோல் மட்டும் வறண்டு, கை கால் எல்லாம் செதில் செதிலாக உரிந்தது. ஓயாமல் அழுதாள்.

குழந்தையைப் பார்க்க மாமியார் வந்தார். கையில் அதே பித்தளைத் தூக்கு. அரைத்துப் பிழிந்த தேங்காய்ப்பாலை அடுப்பில் வைத்து, சுண்டும் வரைக்கும் கிண்டிக் கிண்டி இறக்கிய எண்ணெய். பிள்ளைக்கென்று தானே காய்ச்சியது என்றார். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்காலுக்குக் கீழே கிடத்தி, எண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடாக்கித் தடவினார். வயிறு, முதுகு, விரலிடுக்கு, காது மடல் என்று ஓரிடம் விடவில்லை. கத்திக்கொண்டிருந்தவள் கத்துவதை நிறுத்தி, காலை நீட்டி, ஒரு பெருமூச்சு விட்டாள். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய மூச்சு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்புறம் தினமும் அதே எண்ணெய்தான். அம்மாவே தேய்த்துவிட்டாள். தோல் பூவாக மாறியது. முதலில் சில நாட்கள், பால் கொடுக்கும்போது அவள் உச்சந்தலையிலிருந்து வரும் வாசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் பிள்ளை மேலேயே சிங்காநல்லூர் சமையலறை வாசம் வீசுகிறதே என்றிருந்தது. எந்த நாளிலிருந்து திருப்பாமல் இருந்தேன் என்று தெரியவில்லை. அவள் தூங்கும்போது கிட்டப் போய் உச்சியை மோந்து மோந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

மூன்றாம் மாதம் பிள்ளையோடு திரும்பி வந்தேன். சமையலறைக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு புது டின். கடலை எண்ணெய். பித்தளைத் தூக்கு கூடத்து மாடத்தில், சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் இருந்தது. பூண்டும் பெருங்காயமும் கடுகும் திரும்பி வந்திருந்தன. மாமனார் மூன்றாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நானும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். இரண்டொரு நாள் கழித்துத்தான் மாமியாரின் தட்டைக் கவனித்தேன். தயிர்ச்சோறு, ஓரத்தில் ஊறுகாய். மறுநாளும் அதே. தாளிக்கும்போது முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டுதான் கரண்டியைப் பிடித்தார். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தார்.

"ஏனுங்க அத்தை, கொளம்பு ஊத்திக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"ஊத்திக்கிட்டேன் கண்ணு. நெம்ப நல்லா இருக்குது" என்றார்.

அந்தப் பேச்சு என்னுடையது. அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தோப்பு வீட்டில் பிறந்தவருக்குக் கடலை எண்ணெய் மாட்டுப் புண்ணாக்கு வாசமாகத்தான் இருந்திருக்கும். அந்த வாசத்தை மூன்று வேளையும் தானே காய்ச்சி, தானே மோந்து, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டு, மாமியார் துணி துவைக்கப் போனார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மாடத்துத் தூக்கை எடுத்து வடைச்சட்டியில் ஊற்றினேன். அவருக்காகத்தான் ஊற்றினேன், எனக்குத் தயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வெங்காயம் வதங்கத் தொடங்கியது. கன்னத்தோடு பிள்ளையின் தலை ஒட்டியிருந்தது. சட்டியிலிருந்தும் அவள் உச்சியிலிருந்தும் வந்தது ஒரே வாசம். எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை. என் வாயில் எச்சில் ஊறியது. நான் திகைத்துப்போய் நின்றேன். எனக்குப் பசித்தது!

மதியம் இரண்டு தட்டிலும் அரிசிம்பருப்பைப் போட்டேன். முதல் வாயிலேயே மாமியாரின் கை நின்றுவிட்டது. தூக்கைத் தேடி மாடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தின்றுகொண்டிருந்தேன்.

"நெம்ப நல்லா இருக்குதுங்க அத்தை" என்றேன்.

அவர் முகம் மலரவில்லை. எப்படி மலரும்? இதையே சொல்லித்தானே அவரை அத்தனை நாள் ஏமாற்றினேன். "எனக்காவச் சொல்லாதே கண்ணு. பால் குடுக்கற ஒடம்பு. கடலெண்ணெ இருக்குது, வேற ஆக்கித் தாரேன்" என்று எழுந்திருக்கப் போனார்.

அவரை நம்பவைக்க என்னிடம் வேறு வார்த்தை இல்லை. தட்டை அவர் பக்கம் நீட்டினேன்.

"மேல சித்தே பச்சையா ஊத்துங்க அத்தை."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கமிருந்து தூக்கை எடுத்துவந்து சாய்த்தார். நான் போதும் என்று கையை மறிப்பேன் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. நான் மறிக்கவில்லை. அவரும் நிறுத்தவில்லை.